பூச்சி கொட்டிட்டா எதுன்னு தேடாதீங்க, ஆளப் பாருங்க

எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். முன்னால வாய்க்கா, பின்னால வாழத்தோப்பு, ரோட்டத் தாண்டுனா பனையும் உடங்காடும். அதனால வருசம் பூரா யாருக்காவது ஏதாவது கொட்டிக்கிட்டேதான் இருக்கும், தேனீ, குளவி, கடந்தைங்கிற பெரிய குளவி, தேளு, பூரான், கட்டெறும்பு எல்லாம் உண்டு. கொட்டுன உடனே வீட்டுல நடக்குறது எப்பவும் ஒண்ணுதான். ஆம்பளையாளுவ டார்ச்ச தூக்கிட்டு பூச்சியத் தேடிப் போயிருவாவ, பொம்பளையாளுவ அடுக்களையில சுண்ணாம்பு தேடுவாவ, கொட்டு வாங்குன ஆளு மட்டும் தார்சாவுல கையப் புடிச்சிக்கிட்டு தனியா உக்காந்திருக்கும். எனக்கு பயமே அந்த பத்து நிமிசம்தான். பெரிய ஆபத்து ஏதாவது ஆரம்பிக்குதுன்னா பெரும்பாலும் அந்த நேரத்துலதான் ஆரம்பிக்கும், பக்கத்துல பாக்க ஆளு இருக்காது.

அதனால இத பூச்சி வாரியா எழுதல, உடம்பு என்ன செய்யுதுங்கிறத வச்சு எழுதுதேன். கடிச்சது எதுன்னு தெரியலன்னாலும் இத வச்சு என்ன செய்யணும்னு முடிவு பண்ணிரலாம்.

மொதல்ல மணியப் பாத்துக்கிடுங்க. யாராவது ஒருத்தர் அந்த ஆளு பக்கத்துலயே உக்காரணும், எந்திரிக்கக் கூடாது. மூச்சு சுளுவா விடுதாவளா, குரலு கரகரன்னு மாறுதா, ஒதடு நாக்கு கண்ணு இமை வீங்குதா, தலைய சுத்துது வாந்தி வருதுன்னு சொல்லுதாவளா, இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம் சட்டையத் தூக்கி வயித்தையும் முதுகையும் பாருங்க. கொட்டுனது கையில, தடிப்பு வயித்துலன்னா அது வெறும் கொட்டு இல்ல, மூணாவது தலைப்புக்கு நேரா போயிருங்க. முக்காவாசி மோசமான அலர்ஜி அர மணி நேரத்துக்குள்ள தலையக் காட்டிரும், ஆனாலும் ரெண்டு மூணு மணி நேரம் கண்ணு வச்சிருக்குறது நல்லது.

"கொடுக்கு தோலுலயே நிக்கு"

இது தேனீக்கு மட்டும்தான். அதோட கொடுக்குல பின்பக்கமா முள்ளு இருக்கும், குத்திட்டு இழுக்கும்போது மாட்டிக்கிட்டு விஷப்பையோட சேந்து பிச்சிக்கிட்டு வந்துரும். போன சித்திரையில எங்க அக்கா மவளுக்கு புருவத்துக்குக் கீழ கொட்டிட்டு. மடியில போட்டு கிட்ட வச்சுப் பாத்தேன், முடி மாதிரி ஒரு முள்ளு, அது நுனியில கடுகுல பாதி இருக்கும் வெள்ளையா ஒரு பை, தேனீ அந்தால தரையில கெடக்கு, இந்த பை மட்டும் சுருங்கி விரியுது, சுருங்கி விரியுது. பையோட ஒட்டுன தசைதான் அப்பிடி துடிச்சு உள்ள விஷத்த எறக்கிக்கிட்டே இருக்கு. விஷத்துல பெரும்பகுதி ஒரு நிமிசத்துக்குள்ள எறங்கிரும், அதனால எப்பிடி எடுக்குறோம்ங்கிறத விட எவ்வளவு சீக்கிரம் எடுக்குறோம்ங்கிறதுதான் கணக்கு. கிள்ளி எடுக்கக் கூடாது, பை நசுங்கிரும், ஏடிஎம் கார்டு வச்சு சொரண்டித்தான் எடுக்கணும்னு சொல்லுவாவ, அந்த கார்ட பீரோவுல தேடி எடுத்துட்டு வாரதுக்குள்ள விஷம் பூரா எறங்கி முடிஞ்சிரும். நகத்தால தட்டி விடுங்க, கிள்ளி எடுங்க, என்ன வேணா செய்ங்க, உடனே செய்ங்க. நான் நகத்தாலதான் எடுத்தேன்.

எடுத்த கையோட அந்த எடத்த விட்டு நகந்துருங்க. ஒரு தேனீ கொட்டுனா அந்த எடத்துல ஒரு வாசம் விட்டுட்டுப் போவும், வாழப்பழ வாசம் மாதிரி இருக்கும், மத்த தேனீக்கு அது சங்கு ஊதுன மாதிரி. குளவியும் கடந்தையும் கொடுக்க விட்டுட்டுப் போவாது, திரும்பத் திரும்ப கொட்டும். கொடுக்கு கண்ணுக்குத் தெரியலன்னா ஊக்க வச்சு தோண்டாதீங்க, உள்ள ஒண்ணும் இருக்காது.

"கொட்டுன எடத்துல மட்டும் வலி, செவப்பு, வீக்கம்"

இது சாதாரண கொட்டு, பத்துல ஒம்போது இப்பிடித்தான். கையில கொட்டியிருந்தா முத வேலையா மோதிரம், வளையல கழத்துங்க, கால்ல கொட்டியிருந்தா மிஞ்சி, கொலுசு. வீங்குன பொறவு மோதிரத்த எடுக்க சோப்பு போட்டு எண்ண போட்டு கடைசியில அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதுக்குள்ள வெரலு நீலமாயிரும்.

பொறவு சோப்பு போட்டு தண்ணி ஊத்தி கழுவுங்க. ஐஸ்கட்டிய துண்டுல சுத்தி பத்து நிமிசம் வைங்க, எடுத்துட்டு கொஞ்சம் விட்டு மறுபடி வைங்க, ஐஸ நேரா தோலுல வைக்க வேண்டாம். கைய தலையணை மேல தூக்கி வச்சிருந்தா வீக்கம் கொறையும். பெரியவங்களுக்கு வலிக்கு பாராசிட்டமால், அரிப்புக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஒண்ணு, மேல தடவ கலமைன் லோஷன். பச்சப்புள்ளைக்கு பெரியவங்க மாத்திரைய ஒடச்சுக் குடுக்காதீங்க, அதுக்கு எடைக்கு ஏத்த அளவுல டானிக் இருக்கு.

இப்ப சுண்ணாம்பு. எங்க ஆச்சி எனக்கு ஏழு வயசுல குளவி கொட்டுனதுக்கு மணிக்கட்டுல சுண்ணாம்ப அப்பி துணியால கட்டி விட்டா. பாசத்துலதான் செஞ்சா. காலையில அவுத்தா தோலு வெந்து உரிஞ்சு வருது, குளவி கொட்டுன வீக்கம் மறுநாளே வத்திட்டு, சுண்ணாம்பு வெந்த தழும்பு இன்னைக்கும் கையில இருக்கு. சுண்ணாம்பு காரம், தோலையே அரிச்சிரும். தேனீ விஷம் புளிப்பு அதுக்கு காரம் போடணும், குளவி விஷம் காரம் அதுக்கு வினிகரு போடணும்னு ஒரு கணக்கு சொல்லுவாவ. விஷம் இருக்குறது தோலுக்கு உள்ள, நாம தடவுறது வெளிய, ரெண்டும் சந்திச்சுக்கிடாது. வெங்காயம் தேய்க்குறது, புளி வைக்குறது எல்லாம் கெடுதலும் இல்ல பெருசா பலனும் இல்ல, மனசுக்கு ஆறுதல்னா செஞ்சுக்கிடுங்க. ஆனா சாணி, மண்ணு, மண்ணெண்ணெய், பீடி சாம்பலு வேண்டவே வேண்டாம், சாணி மண்ணு வழியா டெட்டனஸ் கிருமி உள்ள போவ வழி இருக்கு. டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருசம் ஆயிட்டுன்னா இத சாக்கா வச்சு ஒண்ணு போட்டுக்கிடுங்க.

"உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு முட்டுது, மயக்கம் வருது"

இத மட்டும் ரெண்டு தடவ படிங்க.

எங்க மாமா பனை ஓலை வெட்ட ஏறுனவரு, ஓலைக்கு அடியில கடந்தைக் கூடு இருந்தது கவனிக்கல. ரெண்டே ரெண்டு கொட்டு, ஒண்ணு கழுத்துல ஒண்ணு தோள்ல. அதுக்கு முந்தின வருசமும் ஒரு தடவ கொட்டி உடம்பெல்லாம் தடிச்சு தானா சரியாயிருக்கு, அவரு யார்ட்டயும் சொல்லல. எறங்கி நடந்து வீட்டுக்கு வந்தாரு, வந்து சொன்ன மொத வார்த்த "உள்ளங்கை ரெண்டும் அரிக்குதுலே". கொட்டுனது கழுத்துல, அரிக்குறது உள்ளங்கையில. அன்னைக்கு அது எங்களுக்கு உறைக்கல. அஞ்சு நிமிசத்துல கண்ணு செவந்து ஒதடு தடிச்சிட்டு, குரலு மாறிட்டு, தொண்டையில ஏதோ அடைக்குதுன்னாரு, வயித்தப் பெரட்டுதுன்னாரு. நாங்க ஒரு அலர்ஜி மாத்திரையக் குடுத்து பைக்குல ரெண்டு பேருக்கு நடுவுல நிமித்தி உக்கார வச்சு கூட்டிட்டுப் போனோம். வாய்க்காப் பாலத்துக்கிட்ட போவும்போது ஆளு அப்பிடியே தொவண்டு என் மேல சாஞ்சிட்டாரு. முதல்ல போன எடத்துல ஒரு அலர்ஜி ஊசியப் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிட்டாவ, அதுல கால் மணி நேரம் போச்சு. அடுத்த எடத்துல ஒரு நர்ஸம்மாதான் பாத்த உடனே வேட்டிய வெலக்கி தொடையில அட்ரினலின் போட்டாவ. கொஞ்ச நேரத்துல மொகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தத நான் கண்ணால பாத்தேன்.

அன்னைக்கு நாங்க செஞ்ச தப்ப வச்சே சொல்லுதேன்.

ஆள நிமித்தி உக்கார வைக்கக் கூடாது, நடக்க வைக்கவே கூடாது. இந்த அலர்ஜியில ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு ரத்தம் காலுக்கு எறங்கிரும், நிமுத்துனா நெஞ்சுக்கு ரத்தம் பத்தாம அந்தால மயங்கிரும், சில சமயம் இதயமே நின்னுரும். மல்லாக்கப் படுக்க வச்சு காலுக்கு ரெண்டு தலையணை குடுங்க. மூச்சுதான் பெரிய கஷ்டம்னா சாஞ்சாப்புல உக்கார வைங்க, காலு நீட்டியிருக்கணும். வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மாசமா இருக்குற பொண்ணுன்னா இடது பக்கமா. தண்ணி, காப்பி ஒண்ணும் குடுக்காதீங்க.

பைக்க எடுக்காம 108க்கு போன் போடுங்க. போன்ல "பூச்சி கடிச்சிட்டு"ன்னு மட்டும் சொன்னா பத்தாது, "குளவி கொட்டி மூச்சு முட்டுது, மயக்கம் வருது"ன்னு சொல்லணும், அப்பதான் அவசரம் புரியும். ஆம்புலன்ஸ் வர நேரமாவும்னு தெரிஞ்சா கார்லயோ ஆட்டோலயோ பின் சீட்டுல படுக்க வச்சுக் கொண்டு போங்க.

எங்க கொண்டு போவணும்ங்கிறதும் முக்கியம். நம்ம பக்கத்துல பெருசுன்னா எல்லாரும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியத்தான் சொல்லுவோம், ஆனா அங்கன போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆவும்னா வழியில இருக்குற ஆரம்ப சுகாதார நிலையம்தான் முதல்ல. இந்த நேரத்துல உசுரக் காப்பாத்துற மருந்து அட்ரினலின் ஒண்ணுதான், பெரியவங்களுக்கு அர மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்க தசையில, கேக்கலன்னா அஞ்சு நிமிசத்துல இன்னொண்ணு. தடுப்பூசி போடுற எடத்துல அலர்ஜி வந்துட்டா போட இந்த மருந்து வச்சிருப்பாவ. உங்க ஊரு நெலையத்துல ராத்திரி ஆளு இருப்பாவளான்னு இப்பமே விசாரிச்சு வச்சுக்கிடுங்க. செட்ரிசினோ அலர்ஜி ஊசியோ அரிப்பத்தான் கொறைக்கும், அடைச்ச தொண்டையத் தெறக்காது, எறங்குன பிரஷர ஏத்தாது. ஆளு வாயத் தெறந்து கேக்கணும்: "அட்ரினலின் போட்டுட்டீங்களா?" அப்பிடிக் கேக்குறது மரியாதக் கொறைவு இல்ல. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை சாப்புடுற ஆளுன்னா அதையும் சொல்லிருங்க, அவங்களுக்கு அட்ரினலின் சரியா கேக்காமப் போவலாம், டாக்டர் வேற மருந்தும் சேக்க வேண்டியிருக்கும்.

சரியாயிட்டுன்னு உடனே கூட்டிட்டு வந்துராதீங்க. சில பேருக்கு சில மணி நேரம் கழிச்சு மறுபடி அதே மாதிரி வரும், அதனாலதான் ஆஸ்பத்திரில வச்சுப் பாக்காவ. ஒரு தடவ இப்பிடி வந்தவங்களுக்கு அடுத்த கொட்டுலயும் வர வாய்ப்பு உண்டு. மாமா இப்ப பனையேறுறத விட்டுட்டாரு, தோட்டத்துக்குப் போனா கூட ஒரு ஆளு இல்லாம போறதில்ல.

"வாய்க்குள்ள, தொண்டையில கொட்டிட்டு"

பதநீ காலத்துல இது நம்ம ஊரு பிரச்சினை. கலயத்த சுத்தி தேனீயும் குளவியும் மொய்ச்சுக்கிட்டு இருக்கும், ஓலைப் பட்டைய வாயில வச்சு ஒரே மடக்கா குடிக்கும்போது ஒண்ணு உள்ள போயிரும். இதுல அலர்ஜி இருக்கணும்னு அவசியமே இல்ல, சாதாரண வீக்கமே மூச்சுக்குழாய அடைக்கப் போதும். ஐஸ்கட்டிய வாயில போட்டு சப்பச் சொல்லுங்க, சப்பிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க, வீட்டுல இருந்து பாப்போம்ங்கிற பேச்சே கூடாது. குடிக்குறதுக்கு முன்னாடி பதநீய வடிகட்டச் சொல்லுங்க, எளநீய ஸ்ட்ரா போட்டுக் குடிக்குற புள்ளைகளுக்கும் கவனமா உள்ள ஒரு தடவ பாத்துட்டுக் குடுங்க.

கண்ணு முழியில கொட்டுனாலும் இதே அவசரம்தான், கண்ண கசக்க விடாம கண் டாக்டர்ட்ட போயிருங்க. இமையில மட்டும் கொட்டியிருந்தா கண்ணே தெறக்க முடியாத அளவுக்கு வீங்கும், பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா பார்வை நல்லா தெரிஞ்சா ரெண்டு மூணு நாள்ல வத்திரும்.

"கூட்டமா வந்து கொட்டிட்டு, எண்ணவே முடியல"

மலைத்தேனீ தண்ணி டேங்குக்கு அடியிலயும் பாலத்துக்கு அடியிலயும் கோவில் கோபுரத்துலயும் பெரிய அடையா கட்டும், எவனாவது கல்ல எறிஞ்சாலோ கீழ புகை போட்டாலோ மொத்தமா எறங்கிரும். அப்ப கைய வீசி அடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, மொகத்தையும் கழுத்தையும் துண்டால மூடிக்கிட்டு நேரா ஓடுங்க, வீடோ காரோ எதுக்குள்ளயாவது பூந்து கதவ சாத்துங்க. கிணத்துக்குள்ள குதிக்காதீங்க, தண்ணிக்கு மேலயே சுத்திக்கிட்டு நிக்கும், மூச்சுக்குத் தலையத் தூக்குனா மூஞ்சியில கொட்டும், நீச்சல் தெரியாதவனுக்கு அது ரெண்டாவது ஆபத்து.

பெரியவங்களுக்கு அம்பது கொட்டுக்கு மேலன்னா, புள்ளைகளுக்கு அதுல பாதிக்கும் கொறைவுன்னாலும், ஆளு நல்லா பேசிக்கிட்டு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவணும். இது அலர்ஜி இல்ல, விஷத்தோட அளவு. தசையும் ரத்த அணுவும் சிதைஞ்சு அந்தக் கழிவு கிட்னியில போயி அடைக்கும், அது ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒண்ணுக்கு கட்டங்காப்பி நெறத்துல போச்சுன்னாலோ, அளவு கொறஞ்சிட்டுன்னாலோ, அது கிட்னி கூப்புடுற கூப்பாடு. ரத்தப் பரிசோதனையும் டிரிப்ஸும் நேரத்துக்குக் கெடச்சா பெரும்பாலும் மீட்டுரலாம்.

கூட்ட நீங்களே மண்ணெண்ணெய் பந்தம் வச்சு எரிக்காதீங்க, தீயணைப்புக்கு 101ல சொன்னா கடந்தைக் கூடெல்லாம் அவங்க வந்து எடுத்துக் குடுக்காவ.

"வேர்த்து ஊத்துது, கை கால் சில்லுன்னு இருக்கு"

தேளு பூச்சி எனம் இல்லதான், எட்டுக்கால் பூச்சிக்கு சொந்தம், ஆனா நம்ம வீட்டுல கொட்டுற கணக்குல அதுக்குப் பெரிய எடம் உண்டு. வெறகு அடுக்குனது, ஓட்டு வீட்டு சொவரு, செங்கல் குவியல், வைக்கப்படப்பு, ராத்திரி வெளிய கெடந்த செருப்பு. பெரிய கருந்தேளப் பாத்துத்தான் எல்லாரும் அலறுவாவ, அதோட இடுக்கி தடிமனா நண்டு மாதிரி இருக்கும், கொட்டுனா வலி உசுரு போவும், ஆனா வலியோட போயிரும். பயப்பட வேண்டியது சின்னதா செம்மண் நெறத்துல, இடுக்கி மெலிசா, வாலு தடிச்சு இருக்குற செந்தேளுக்குத்தான், அதுலயும் புள்ளைகளுக்கு.

செந்தேள் விஷம் நரம்பு வழியா உடம்ப மொத்தமா உசுப்பி விட்டுரும். கொட்டுன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாருங்க: சட்ட நனையுற அளவுக்கு வேர்வை, வாந்தி, எச்சி ஒழுகுறது, கை கால் ஐஸ் மாதிரி சில்லுன்னு ஆவுறது, நெஞ்சு படபடப்பு, ஆம்பளைப் புள்ளைகளுக்கு குறி வெறச்சு நிக்குறது. புள்ள பக்கத்துல உக்காந்து நெத்தியையும் உள்ளங்காலையும் மாறி மாறி தொட்டுப் பாருங்க, நெத்தியில வேர்வை, காலு சில்லுன்னு இருக்குன்னா அதுவே போதும், வேற ஒண்ணும் யோசிக்காம கெளம்புங்க. அடுத்தது நுரையீரல்ல தண்ணி கோத்துரும், இருமலும் நுரையுமா வரும். இதுல ஒரு சூது இருக்கு, வெசம் உடம்புல ஏறுன ஆளுக்கு கொட்டுன எடத்துல வலி கம்மியா இருக்கலாம், வலி கொறஞ்சிட்டு தூங்கட்டும்னு விட்டுராதீங்க.

மகாராஷ்டிராவுல மகாட்ங்கிற சின்ன ஊருல இருந்துக்கிட்டே டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்ங்கிறவரு பிரசோசின்ங்கிற பிரஷர் மாத்திரை இதுக்கு கேக்கும்னு 1980கள்லயே காட்டுனாரு, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாவ. அந்த மாத்திரையாலயும், அதோட தேள் விஷமுறிவு மருந்தாலயும் எத்தனையோ கிராமத்துப் புள்ளைக பொழச்சிருக்கு. ஆனா வீட்டுல வாங்கி வச்சு நீங்களே குடுக்குற மருந்து இல்ல அது, குடுத்துட்டு தூக்கி நிமுத்துனா பிரஷர் எறங்கி மயங்கிரும். வீட்டுல செய்ய வேண்டியது ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால், ஆள அசையாம வச்சுக் கூட்டிட்டுப் போறது, அவ்வளவுதான். கயித்தக் கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, மந்திரிச்சு பாடம் போட கூட்டிட்டுப் போயி நேரத்த விடாதீங்க. பாடம் போட்டு எறங்குனதெல்லாம் தானா எறங்குற தேளுதான்.

"வலியும் இல்ல, தடமும் இல்ல, ஆனா கண்ணு சொருகுது"

ராத்திரி தரையில பாய் போட்டுப் படுத்த ஆளு, வெடியக்காலம் வயித்து வலின்னு எந்திரிக்காரு, தொண்டை அடைக்குதுங்காரு, கண்ணு இமைய தூக்க முடியல. "ஏதோ பூச்சி கடிச்ச மாதிரி இருந்துச்சு"ன்னும் சொல்லலாம், அதுவும் சொல்லாமப் போவலாம். இது பூச்சி இல்ல, கட்டுவிரியன். அதோட பல்லு அவ்வளவு சின்னது, தடமே தெரியாது, வலியே இருக்காது. நேரா விஷமுறிவு மருந்தும் மூச்சுக்கு மெஷினும் இருக்குற ஆஸ்பத்திரிக்கு, போற வழியில மூச்சப் பாத்துக்கிட்டே.

"சுருக்குன்னு கடிச்சு ரெண்டு புள்ளி" / "சொணை ஒட்டி அரிக்குது"

பூரான் கடிச்சா ரெண்டு புள்ளியும் கடுப்பும் இருக்கும், ஆபத்து கம்மி. கை பொறுக்குற சூட்டுத் தண்ணியில கடிச்ச எடத்த கால் மணி நேரம் முக்கி வச்சா வலி நல்லா கேக்கும், சூடு ஒத்துக்கிடலன்னா ஐஸ்.

முருங்க மரத்து கம்பளிப்பூச்சி மேல வுழுந்துட்டா தேய்க்கவே கூடாது, தேய்ச்சா சொணை உள்ள ஏறிரும். செல்லோடேப்ப ஒட்டி ஒட்டி பிச்சு எடுங்க, நாலஞ்சு தடவ, பொறவு சோப்பு போட்டு கழுவுங்க, சட்டைய தனியா தொவைங்க.

"காலையில எந்திரிச்சா கோடு போட்ட மாதிரி வெந்திருக்கு"

ஐப்பசி கார்த்திகையில, மழை விட்டு பிசான நெல்லுக்கு வயல் நெறஞ்சு கெடக்கும்போது, டியூப் லைட்டத் தேடி ஒரு பூச்சி வரும். எறும்பு மாதிரி நீளமா, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, ஒடம்பு ஆரஞ்சும் கறுப்புமா மாறி மாறி இருக்கும். ஆசிட் பூச்சின்னு சொல்லுதாவ. அது கடிக்கவும் செய்யாது கொட்டவும் செய்யாது. கழுத்துல ஊரும்போது தூக்கத்துல நாம நசுக்கி இழுவுறோம்லா, அந்தச் சாறுதான் தோல வேவ வைக்கும். நசுக்குன அன்னைக்குத் தெரியாது, மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் கையால இழுவுன தெசையில கோடா செவந்து கொப்புளம் கட்டும். முழங்கை மடிப்புல பட்டிருந்தா மடக்குன ரெண்டு பக்கமும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவுல இருக்கும், அத வச்சே கண்டுபிடிச்சிரலாம்.

எங்க பக்கம் இதப் பாத்த உடனே அக்கின்னு சொல்லி அக்கி எழுத கூட்டிட்டுப் போயிருவாவ, செங்காவியில வரஞ்சு விடுவாவ. நெசமான அக்கி உடம்புல ஒரு பக்கமா பட்டையா வரும், கொப்புளத்துக்கு முன்னாடியே ரெண்டு மூணு நாளு வலி இருக்கும், அதுக்கு மாத்திரை கொப்புளம் வந்து மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும், சந்தேகம்னா டாக்டர்ட்ட காட்டுங்க. ஆசிட் பூச்சிக்கு சோப்பு போட்டு நல்லா கழுவி குளுந்த தண்ணித் துணி போட்டா போதும், ஸ்டீராய்டு களிம்பு டாக்டர் சொன்னா போடலாம். பட்ட கையால கண்ணத் தொடாதீங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல ஆறிரும், கருத்த தடம் கொஞ்ச நாளு இருக்கும். மேல ஊருனா ஊதி விடுங்க, அடிக்காதீங்க. வயல்ல அது நெல்லத் திங்குற பூச்சியத் திங்குது.

"மறுநாள் வீக்கம் இன்னும் பெருசாயிட்டு"

பொறங்கையில கொட்டுனது முழங்கை வரைக்கும் வீங்கும், ரெண்டாவது நாள்ல உச்சத்துக்குப் போயி ஒரு வாரம் பத்து நாளு இழுக்கும். இது அந்த எடத்து அலர்ஜிதான், ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்ல, கடையில கேட்டா உடனே குடுத்துருவாவ, வாங்காதீங்க. ஐஸு, செட்ரிசின், கைய தூக்கி வைக்குறது. அதே நேரம் மொத ரெண்டு நாளு கொறஞ்சு வந்துட்டு மூணாவது நாளு மறுபடி சூடா வலிக்க ஆரம்பிச்சா, சீழு வச்சா, காய்ச்சல் அடிச்சா, செவப்புக் கோடு மேல ஏறுனா அது கிருமி, அப்ப டாக்டர். சக்கரை உள்ளவங்க அந்த மூணு நாளும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

"கடிச்சதே தெரியாது, பத்து நாளு கழிச்சு காய்ச்சல்"

மாடு மேய்க்கப் போனவங்க, பொதருல வெறகு பொறுக்குனவங்க, தோட்டத்துல புல்லறுத்தவங்க, இவங்களுக்கு ஒண்ணு ஒண்ணரை வாரம் கழிச்சு கடுமையான காய்ச்சலும் தலவலியும் உடம்பு வலியும் வந்தா, டெங்கு மலேரியா பாத்து ஒண்ணும் இல்லன்னு வந்தா, ஒடம்ப நல்லா தேடணும். பொதர்ல இருக்குற ஒரு பொடிப் பூச்சி, கண்ணுக்கே தெரியாது, உண்ணிக்கு சொந்தம், அது கடிச்ச எடத்துல பீடியால சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு ஒண்ணு இருக்கும். அது வலிக்காது அரிக்காது, அதனாலதான் யாரும் பாக்குறதில்ல. இருக்குற எடமும் அப்பிடி, அக்குளு, தொடை இடுக்கு, பாவாட நாடா கட்டுற எடம், மாருக்குக் கீழ, முழங்காலுக்குப் பின்னால. ஸ்க்ரப் டைபஸ்ங்கிற காய்ச்சல் அது. டாக்ஸிசைக்ளின்னு சாதாரண மாத்திரைக்கே ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிரும், விட்டுட்டா நுரையீரல், கிட்னி, மூளைன்னு ஏறிரும்.

எங்க பெரியம்மாவுக்கு ஆறு நாளு காய்ச்சல், மூணு எடத்துல காட்டியாச்சு, குளிப்பாட்டும்போது எங்க அக்காதான் இடுப்புல அந்தப் பொருக்கப் பாத்தா. பெரியம்மா கூச்சத்துல அத ஒருத்தர்ட்டயும் காட்டல. டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே துணிய வெலக்கி "இதப் பாருங்க சார், இது எப்ப வந்துச்சுன்னே தெரியல"ன்னு காட்டிருங்க.